நாளை மறந்துபோகும் நாளுக்கு என்ன அர்த்தம்?

2024 பிப்ரவரி 24, காலை – ஒரு வாசகரின் கேள்வி

என் மனைவிக்குப் போன வருடம் மூளை அழற்சி. ஹெர்பிஸ் வைரஸ் என்றார்கள். பிழைத்துக்கொண்டார். நடக்கிறார், பேசுகிறார், என்னையும் பிள்ளைகளையும் அடையாளம் தெரிகிறது. ஆனால் காலையில் நடந்தது மாலையில் இருப்பதில்லை. போன வாரம் அவருடைய பழைய தோழிகளை வீட்டுக்கு வரவழைத்தேன். நாள் முழுக்கச் சிரிப்பு. மறுநாள் கேட்டால், யாரும் வரவில்லையே என்கிறார். மனசு விட்டுப்போயிற்று. நாளைக்கு நினைவில் இருக்காத ஒரு நாளுக்காக எதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும்? எப்போது பழையபடி ஆவார்? ஆக மாட்டார் என்றால் இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? இதை அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 24, இரவு – என் பதில்

எனக்கும் அதே வைரஸ்தான். பல வருடம் ஆகிவிட்டது. உங்கள் மனைவி அளவுக்கு எனக்கு நினைவு போகவில்லை. ஆனாலும் நோய்க்கு முந்தைய சில வருடங்கள் திட்டுத்திட்டாகத்தான் இருக்கின்றன. புதிதாக ஒன்றை மனதில் நிறுத்துவது இன்றைக்கும் கஷ்டம்.

அர்த்தம் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். அதில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. மறந்துபோன நாள் வீணான நாள் இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. 2010இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி பழுதாகி, புது நினைவு பதியாத சிலருக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். வேறொரு வேளையில் சந்தோஷமான காட்சிகள். என்ன பார்த்தோம் என்பது கொஞ்ச நேரத்திலேயே பெரும்பாலும் மறந்துவிட்டது. சோகம் மட்டும் போகவில்லை. சந்தோஷமும் அப்படியே தங்கியது. எதனால் வந்தது என்று தெரியாமலே அந்த உணர்ச்சி அவர்களோடு இருந்தது.

தோழிகள் கிளம்பிப்போன பிறகு, அன்று இரவு உங்கள் மனைவி எப்படித் தூங்கினார், எப்படிப் பேசினார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பட்ட பாட்டுக்குப் பலன் அங்கேதான் இருக்கும். மறுநாள் கேட்கும் கேள்வியில் கிடைக்காது.

பிப்ரவரி 25

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்காவிட்டால் பாதிதான் சொன்னதாகும். நல்லது தங்குவதுபோல் கெட்டதும் தங்கும்.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் எதுவார் கிளாபரேத் 1911இல் எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. அவரிடம் சிகிச்சையில் இருந்த ஒரு பெண்ணுக்கு எதுவும் நினைவில் நிற்காது. மருத்துவரையே ஒவ்வொரு முறையும் புது ஆளாகப் பார்ப்பார். ஒருநாள் கிளாபரேத் விரல்களுக்கிடையில் ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அவரோடு கைகுலுக்கினார். குத்தியது. அந்தப் பெண் அதை மறந்துவிட்டார். ஆனால் பிறகு இவர் கை நீட்டியபோது தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அது தனக்கு நடந்தது என்ற நினைவே அவருக்கு இல்லை.

இன்று யாரும் அப்படி ஒரு சோதனை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் வீடுகளில் குண்டூசி இல்லாமலே அது தினமும் நடக்கிறது. நான் மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில், சில சாயங்காலங்களில் காரணமே இல்லாமல் உடம்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். யார் பேசினாலும் சண்டை. இது நோயின் குணம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அக்காதான் கவனித்தார். அந்த நாட்களில் எல்லாம் காலையில் யாராவது ஒருவர் என்னை ‘இதைக்கூடவா மறந்துட்டே’ என்று கேட்டிருப்பார்கள். கேட்டது எனக்கு மறந்துபோகும். அவமானம் மறக்காது.

பிப்ரவரி 25, சாயங்காலம்

அயோவா சோதனையில் அந்த உணர்ச்சி எவ்வளவு நேரம் தங்கியது என்று ஒருவர் சரியாகக் கேட்டிருக்கிறார். அதில் உணர்ச்சி தங்கியதை நிமிடக் கணக்கில்தான் அளந்தார்கள். வாரக்கணக்கில் தங்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருக்கட்டுமே. ஒரு மனுஷருக்கு அரை மணிநேர நிம்மதி கிடைத்தால் அந்த அரை மணிநேரம் உண்மையானது. அடுத்த அரை மணிநேரத்தை அடுத்த காரியம் பார்த்துக்கொள்ளும்.

பிப்ரவரி 27

எப்போது பழையபடி ஆவார்?

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் மூளையைத் தாக்கினால், சிகிச்சை இல்லாத காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் இறந்துபோனார்கள். 1980களில் ஏசைக்ளோவிர் என்ற மருந்து வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இரண்டு மூன்று வாரம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். உயிர் தங்குகிறது. ஆனால் இந்த வைரஸ் குறிப்பாகப் போய் உட்காரும் இடம், காதுகளுக்கு உட்பக்கமாக இருக்கும் மூளைப் பகுதிகளான பக்க மடல்கள். நினைவுக்கும் உணர்ச்சிக்கும் மொழிக்கும் வேண்டிய பகுதிகள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால்தான் கை கால் நன்றாக இருக்கும்போதே நேற்று மட்டும் காணாமல்போகிறது.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு மெதுவாகும். ‘இரண்டு வருடத்தோடு சரி, அதற்குமேல் ஒன்றும் நடக்காது’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மனதில் வைக்காதீர்கள். அப்படிக் கதவு சாத்தப்படும் தேதி எதுவும் இல்லை. எனக்குச் சில விஷயங்கள் அதைத் தாண்டியும் எளிதாயின. பழுதான இடம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேறு வழியில் செய்யப் பழகினேன். அதுவும் முன்னேற்றம்தான்.

ஆனால் ‘பழையபடி’ என்ற அளவுகோலைக் கீழே வைத்துவிடுங்கள். அதை வைத்து அளந்தால் உங்கள் மனைவி தினமும் தோற்பார், அந்தத் தோல்வியை உங்கள் முகத்தில் பார்ப்பார். காரணம் மறந்துபோகும், உங்கள் முகம் தந்த வருத்தம் போகாது.

புதிதாக இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹெர்பிஸ் மூளை அழற்சி குணமாகிக்கொண்டிருக்கும்போது, சில வாரங்களிலோ சில மாதங்களிலோ திடீரென்று குழப்பமோ விநோதமான நடத்தையோ தன்னிச்சையான அசைவுகளோ வலிப்போ வந்தால் ‘மனசு சரியில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். சிலருக்கு வைரஸ் போன பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்க ஆரம்பிக்கும். மூளை செல்களில் இருக்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளுக்கு எதிரான மூளை அழற்சி என்பார்கள். அந்த நோயை ஜோசப் டால்மௌ குழுவினர் 2007இல்தான் அடையாளம் கண்டு விவரித்தார்கள். அதற்குச் சிகிச்சை வேறு. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மார்ச் 1

களைப்பு.

இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனாலேயே எழுதுகிறேன். நினைவைவிட என் வாழ்க்கையை அதிகம் மாற்றியது இதுதான். மூளைக் காயத்துக்குப் பிறகு வரும் களைப்பு, வேலை செய்து அசந்துபோவது மாதிரி இல்லை. உடம்பு நன்றாக இருக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், வார்த்தைகள் சத்தமாக மட்டும் கேட்கும், அர்த்தமாகாது. முன்பு தானாக நடந்த வேலைகளை, அதாவது வேண்டாத சத்தத்தை ஒதுக்குவது, யார் பேசுகிறார் என்று பின்தொடர்வது, பதிலைத் தயார் செய்வது என எல்லாவற்றையும் இப்போது மூளை கஷ்டப்பட்டுச் செய்கிறது.

நான் கணக்கு ஆசிரியர். வகுப்பு என்றால் எனக்கு உயிர். திரும்பிப்போய்ப் பார்த்தேன். கணக்கு போகவில்லை, வகுப்பைத்தான் தாங்க முடியவில்லை. நாற்காலி நகரும் சத்தம், பின்வரிசைக் கிசுகிசு எல்லாம் ஒரே உரத்தில் வந்து மோதும். பிற்பகலில் கரும்பலகையில் நான் எழுதிய வரியே எனக்குப் புரியாது.

களைப்பு வந்த பிறகு ஓய்வெடுப்பது தாமதம். அது வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும், நன்றாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும். அதுதான் கஷ்டம். நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடத் தோன்றும். அது வட்டிக்குக் கடன் வாங்குவது. அடுத்த சில நாட்கள் அதைக் கட்டவே போய்விடும்.

‘பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று ஒருவர் தன் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆமாம், பார்க்க நன்றாகத்தான் இருப்பார். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மார்ச் 2

போனில் அலாரம் வைப்பவர்களுக்கு: என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். மணி மட்டும் அடித்தால் எதற்கு அடிக்கிறது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும். ‘இரவு மாத்திரை, மேசை இழுப்பறை’ என்று இருந்தால் அடுத்த காரியம் நடந்துவிடும்.

மார்ச் 6

நண்பரே, ‘நினைவைப் பயிற்சி கொடுத்து வளர்க்கலாம் என்று தினமும் நேற்று என்ன நடந்தது என்று கேட்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். நினைவு பழுதானவர்களை ஊகித்துப் பதில் சொல்லச் சொன்னால், அவர்கள் சொன்ன தவறான பதிலே பதிந்துபோகிறது. நமக்குத் தப்பு செய்தது நினைவிருக்கும், அதனால் திருத்திக்கொள்கிறோம். அவர்களுக்குத் தப்பு என்று தெரிந்ததே மறந்துபோகிறது, பதில் மட்டும் மிஞ்சுகிறது. அதனால் ஆரம்பத்திலிருந்தே தப்பு நடக்க விடாமல் சொல்லிக்கொடுப்பதுதான் நல்லது. ‘உன் சாவி எங்கே இருக்கும், சொல்லு பார்ப்போம்’ வேண்டாம். ‘உன் சாவி இந்தக் கொக்கியில்’ என்று சொல்லி, அவர் கையாலேயே மாட்டச் சொல்லுங்கள். தினமும் அதே கொக்கி.

கைக்கு என்று ஒரு நினைவு இருக்கிறது. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் அவருக்கு, கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தை வரையும் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. இதை முன்பு செய்ததே அவருக்குத் தெரியாது! உங்கள் மனைவியின் வைரஸே 1985இல் பிரிட்டனின் இசைக் கலைஞர் கிளைவ் வேரிங்கைத் தாக்கியது. அவருக்கு நினைவு நொடிக்கணக்கில்தான் நின்றது. ஆனால் பியானோ முன் உட்கார்ந்தால் வாசித்தார், பாடகர் குழுவை நடத்தினார். மனைவியைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஆனந்தம்.

தோழிகள் வந்த நாள் மாதிரியான நாட்களுக்கு ஒரு யோசனை. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூளை அழற்சியால் நினைவு இழந்த ஒரு பெண் கழுத்தில் சின்ன கேமராவை மாட்டிக்கொண்டார். அது தானாகவே படம் எடுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் படங்களைச் சில நாட்களுக்கு ஒருமுறை கணவரோடு உட்கார்ந்து பார்த்தார். டைரியைப் படித்தபோது கிடைத்ததைவிட இதில் அதிகம் நினைவுக்கு வந்தது. போன் கேமராவே போதும். ஆனால் பரீட்சை வைக்காதீர்கள். நீங்களே கதையைச் சொல்லிக்கொண்டு படத்தைக் காட்டுங்கள்.

மார்ச் 10

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட மகனைப் பற்றி எழுதிய அம்மாவுக்கு.

‘என் பையன் போயிட்டான், அவன் உடம்பில் வேற யாரோ இருக்கான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மடல் அடிபட்டால் கோபத்தை அடக்குவது, ஒரு காரியத்தைத் தானாக ஆரம்பிப்பது, எதிரில் இருப்பவர் மனசைப் புரிந்துகொள்வது எல்லாம் தடுமாறும். ‘எழுந்திருடா’ என்று நூறு முறை சொன்னாலும் அவன் கட்டிலிலேயே இருப்பது வீம்பு இல்லை. ஆரம்பித்துவைக்கும் விசை அங்கே பழுது.

இதற்கு உதாரணமாக எல்லோரும் ஃபினியஸ் கேஜைச் சொல்வார்கள். 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலையில், வெடி வெடித்து ஓர் இரும்புக் கம்பி அவர் கன்னத்தின் வழியே புகுந்து மண்டையைத் துளைத்து வெளியேறியது. பிழைத்தார். குணம் மாறிவிட்டது, பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். அதற்குப் பிறகு அவர் சிலி நாட்டுக்குப் போய், பல வருடங்கள் குதிரை வண்டி ஓட்டினார். ஆறு குதிரை பூட்டிய, பயணிகளை ஏற்றிச்செல்லும் வண்டி. அதிகாலையில் எழ வேண்டும், குதிரைகளைப் பார்க்க வேண்டும், பயணிகளிடம் பேச வேண்டும். தினமும் அதே ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் அவரைத் தூக்கி நிறுத்தியிருக்கும் என்று, அவர் வாழ்க்கையைத் துருவி ஆராய்ந்த மால்கம் மாக்மில்லன் வாதிடுகிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உள்ளே இல்லாத ஒழுங்கை வெளியிலிருந்து கொடுக்க முடியும். உங்கள் மகனுக்கு அறிவுரையைவிட, மாறாத ஒரு காலை நேர அட்டவணையும் அதைத் தொடங்கிவைக்க ஓர் ஆளும் அதிகம் உதவும்.

அப்புறம், அழுகையைப் பற்றி. மகன் உயிரோடு இருக்கும்போது அழுவது பாவம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள் என்றீர்கள். பாவம் இல்லை, அம்மா. ஆள் கண்முன்னால் இருந்தும் பழைய ஆள் இல்லாமல்போகும் துக்கத்தை, பாலின் பாஸ் என்ற குடும்பநல ஆய்வாளர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். சாவுக்கு ஒரு சடங்கு இருக்கிறது, நாலு பேர் வருவார்கள். இதற்கு யாரும் வருவதில்லை. அதனாலேயே ஆறாமல் கிடக்கிறது. அழுங்கள். அழுதுவிட்டு, இப்போது இருக்கிற பையனிடம் போய் உட்காருங்கள்.

மார்ச் 11

அந்தத் துக்கம் உங்கள் மகனுக்கும் உண்டு, அம்மா. எனக்கு இருந்தது. வீட்டில் எல்லோரும் பழைய என்னைப் பற்றிப் பேசிப் பேசி மாய்ந்துபோவார்கள். நானும் அந்த ஆளை இழந்தவன்தானே, என்னிடம் துக்கம் விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. அக்கா ஒருநாள் ‘உனக்கு எது ரொம்ப ஏக்கமா இருக்கு?’ என்று கேட்டார். வகுப்பு என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகுதான் வேறு எதையும் யோசிக்க முடிந்தது.

மார்ச் 17

அர்த்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ‘இந்த நோய் உங்களைச் செதுக்கியிருக்கிறது, இதற்கும் ஒரு காரணம் இருக்கும்’ என்று ஒருவர் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார். அதிர்ச்சிக்குப் பிறகு சிலர் உள்ளுக்குள் வளர்கிறார்கள் என்பது உண்மை. ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதை 1990களிலிருந்து எழுதிவருகிறார்கள். ஆனால் அதை ஒரு கடமையாக யார் தலையிலும் வைக்கக் கூடாது. மூளையில் புண் ஆறாத ஒருவரிடம் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்’ என்று கேட்பது கொடுமை. என் நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அதற்குமேல் அதில் செய்தி எதுவும் இல்லை.

அர்த்தம் எனக்கு வேறு இடத்திலிருந்து வந்தது. சோவியத் வீரர் லெவ் ஸாசெட்ஸ்கியைப் பற்றி நரம்பியல் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா எழுதியதைப் படித்தேன். 1943இல் ஸ்மோலென்ஸ்க் அருகே நடந்த போரில் அவர் தலையில் குண்டு பாய்ந்தது. பார்ப்பது துண்டு துண்டாகப் போயிற்று, படிக்க முடியவில்லை. ஆனால் எழுத்தெழுத்தாக யோசிக்காமல், கையைத் தூக்காமல் ஒரே வீச்சில் எழுதினால் வார்த்தை வருகிறது என்று கண்டுகொண்டார். எழுதியதைத் திருப்பிப் படிப்பதே அவருக்குப் பெரும்பாடு. அப்படியே சுமார் 25 வருடம், ஏறத்தாழ 3000 பக்கம் எழுதினார். தன் நிலையை மற்றவர்கள் புரிந்துகொண்டால் இதே காயம் பட்ட வேறு யாருக்காவது உதவும் என்று அவர் நம்பினார்.

யாருக்காவது உதவும் என்ற அந்த எண்ணத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். வகுப்பு முடியாது, சரி. ஒரு பிள்ளை, ஒரு மேசை, அமைதியான அறை முடியும். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் ஒவ்வொருவராக வருகிறார்கள். போன முறை எதில் நின்றோம் என்பது எனக்கு நினைவிருக்காது, அதனால் பிள்ளையே நோட்டைத் திறந்து எனக்கு விளக்க வேண்டும். விளக்கும்போதே பாதிக் கணக்கு அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு பெண் பின்னத்தைப் பார்த்தாலே அழுவாள். இப்போது அவளுடைய தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

நண்பரே, உங்கள் மனைவிக்கு நீங்கள் எல்லாம் செய்கிறீர்கள். அவரிடமிருந்து ஏதாவது கேளுங்கள். கைக்குத் தெரிந்த வேலையாக இருக்கட்டும், யாருக்காவது நிஜமாகவே தேவைப்படுகிற வேலையாக இருக்கட்டும். பொழுதுபோக்கச் சும்மா கொடுக்கும் வேலை என்றால் கண்டுபிடித்துவிடுவார்.

மார்ச் 23

நண்பரே, உங்கள் மனைவி முன்பு தையல் தைப்பார் என்றும், தோழி ஒருத்தி கிழிந்த துணிகளைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தைத்து முடித்த துணியைப் பார்த்து ‘இது யார் தைத்தது, நல்லா இருக்கே’ என்று அவரே கேட்டாராம், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தீர்களாம். இதைப் படித்து எனக்கு நாளெல்லாம் சந்தோஷம்.

அதே பதிவின் கடைசியில் ‘நான் களைத்துவிட்டேன்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை நான் தாண்டிப்போகவில்லை. ஒரே கேள்விக்கு ஒரு நாளில் பலமுறை பதில் சொல்வது சாதாரணக் காரியமில்லை. துணி தரும் அந்தத் தோழியிடமே, வாரத்தில் ஒரு பிற்பகல் கூட இருக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த நேரத்தில் வீட்டு வேலை பார்க்காதீர்கள். வெளியே போய்விடுங்கள்.

மார்ச் 24

மகனை மருத்துவரிடம் கூட்டிப்போகும் அம்மாவுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. நரம்பியல் உளவியல் மதிப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். எந்தத் திறன் நன்றாக இருக்கிறது, எது பழுது என்று பிரித்துக் காட்டும் சோதனை அது. எம்.ஆர்.ஐ. படம் அதைச் சொல்லாது. மருத்துவரிடம் நீங்கள் மட்டும் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான் அவன் சொல்வான், அது பொய் இல்லை. குறை இருப்பதை உணரும் திறனே சிலருக்குப் பழுதாகிவிடும். அவன் எதிரில் நீங்கள் குறைகளை அடுக்கினால் சண்டையில் முடியும். எப்போது கோபம் வந்தது, அதற்குமுன் என்ன நடந்தது, தூக்கம் எப்படி என்று ஒரு வாரம் எழுதி, அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். தானாகச் செய்த காரியம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.